நாலு நட்டும் டைட் ஆயிடுச்சே, அப்புறமென்ன?

பொருந்தாத ரிம்மை மாட்டிக்கொண்டு என் கடைக்கு வந்ததில், இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. ஸ்விஃப்ட். "எண்பதைத் தாண்டினா ஸ்டீயரிங் நடுங்குதுண்ணே, ரெண்டு கடையில பேலன்சிங் பாத்தாச்சு" என்றார் தம்பி. செகண்ட்ஹேண்ட் அலாய் வீல். கழற்றிப் பார்த்தேன். நட் உட்காரும் பள்ளம் நான்கிலும் வெளிப்பக்க ஓரம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. உள் ஓரத்தில் பெயின்ட்கூட போகவில்லை. வெர்னியரை வைத்தேன். எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் 98 மி.மீ. இந்த அளவைத்தான் பி.சி.டி. என்போம்.

ஸ்விஃப்டுக்கு 100 வேண்டும். 98 என்பது பழைய ஃபியட் பாலியோ, ஊனோ அளவு.

"ரெண்டு மில்லிமீட்டர்தானே? நாலு நட்டும் டைட் ஆயிடுச்சே!" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஏர் கன் எதையும் டைட் பண்ணும், ஐயா! வீலின் முதுகு, அது மாட்டப்படும் ஹப்போடு முழுசாக ஒட்டி அழுந்த வேண்டும். பாரத்தைத் தாங்குவது அந்த அழுத்தம். நட் ஒரு ஓரத்தில் மட்டும் ஏறி நின்றால் ஸ்டட், அதாவது நட் ஏறும் கம்பி, வளையும். அறுபதில் போகும்போது சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய ஒன்பது சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஸ்டட் வளைந்து நிமிர்கிறது. முதல் நாளே உடைந்தால்கூடப் பரவாயில்லை, வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். மாதக்கணக்கில் தாங்கிவிட்டு பைபாஸில்தான் உடையும்.

நடு ஓட்டையையும் பாருங்கள். ஸ்விஃப்ட் ஹப் 54.1 மி.மீ.; இந்த ரிம்மில் 58.1. லொடலொடவென்று சுலபமாக நுழைந்ததை "கரெக்டா உக்காந்துச்சு" என்று நினைத்திருக்கிறார்கள். பி.சி.டி. சரியாக இருந்து நடு ஓட்டை மட்டும் பெரிதென்றால் அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போட்டுச் சமாளிக்கலாம். பி.சி.டி.யே தப்பென்றால் ரிங் எதற்கும் உதவாது.

நட்டை முதலில் கையால் முடுக்குங்கள். மாருதிக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ., ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவுக்கு 1.5. கையால் ஏறாத நட்டை கன்னால் ஏற்றினால் மரை போச்சு. ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டுக்கு வாய் உருண்டை. வெளியில் வாங்கும் அலாயின் பள்ளம் பெரும்பாலும் கூம்பு. பழைய நட்டே போதும் என்று மிச்சம் பிடிக்காதீர்கள். டயர் வெளியே துருத்தி நிற்க வேண்டுமென்று ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் கேட்டு என்னிடம் வராதீர்கள், போட மாட்டேன்.

மாற்றிய பிறகு 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை, முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து நட்டுகளைச் சரிபாருங்கள். ஓனர் மேனுவலில் அளவு இருக்கிறது. எந்தக் கடைக்குப் போனாலும் ஐந்து நிமிட வேலை, தயவுசெய்து போங்கள்.

தம்பி வண்டிக்குப் பதினாறு ஸ்டட்டையும் மாற்றி, பழைய இரும்பு ரிம்மையே போட்டு அனுப்பினேன். அலாயை விற்றுவிடப் போகிறாராம். வாங்குகிறவரிடம் பாலியோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விற்கச் சொல்லியிருக்கிறேன்.