கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் கிரேடை மாற்றாதீர்கள்

மூன்று மாதத்துக்கு முன்பு ஒருவர் தன் பெட்ரோல் காரை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். 1,60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. "காலையில ஸ்டார்ட் பண்ணினா கடகடன்னு சத்தம் வருதுண்ணே, கொஞ்ச நேரத்துல அடங்கிடுது" என்றார். அந்த வண்டிக்குக் கம்பெனி சொன்ன ஆயில் கிரேடு 5டபிள்யூ-30. உள்ளே இருந்ததோ 20டபிள்யூ-50. வண்டி பழசாகிவிட்டது, ஆயில் குடிக்கிறது, திக்கான ஆயில் ஊற்றினால் நின்றுவிடும் என்று வேறோர் இடத்தில் சொல்லி ஊற்றியிருக்கிறார்கள்.

நல்ல எஞ்சின்கள் இப்படிக் கெடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கேனில் டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. எண் சிறியதென்றால் ஓட்டம் சுலபம். பின்னால் இருப்பது, 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் பெரும்பாலும் எஞ்சினின் அடித்தட்டான சம்ப்பில் இறங்கிக் கிடக்கும். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அதை மேலே, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை ஏற்ற வேண்டும். ஆயில் கெட்டியாக இருந்தால் போய்ச் சேரத் தாமதமாகும், அதுவரை இரும்போடு இரும்பு உரசும். இப்போதைய பல எஞ்சின்களில் வால்வ் டைமிங்கை, அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை, மாற்றுவதே ஆயில் பிரஷர்தான். அதற்கான வழிகள் மிகக் குறுகலானவை. அவர் கேட்ட கடகட சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

சரி, குறைகிற ஆயில் எங்கே போகிறது? இதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை ஒரு வீச்சு வந்து நின்றுபோனால் பெரும்பாலும் வால்வ் சீல் இறுகிப்போயிருக்கும். மேடு ஏறும்போதும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் நீலப் புகை விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்மேல் சந்தேகம். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யாமல் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். புகையே இல்லையென்றால் வண்டி நின்ற தரையைப் பாருங்கள், கசிவு தெரியும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ் அடைத்துக்கொண்டாலும் ஆயில் குறையும். சின்னச் செலவு என்பதால் நான் முதலில் கை வைப்பது அதில்தான்.

அதிக கிலோமீட்டர் ஓடிய வண்டிகளுக்கென்றே ஆயில் விற்கிறார்கள். இறுகிய ரப்பர் சீல்களை இளக்கும் சேர்மானம் அதில் உண்டு. லேசான கசிவுக்கு உதவும், வாங்கலாம். தேய்ந்த ரிங்கை அது சரிசெய்யாது. கிரேடை ஒரு படி கூட்டியே ஆக வேண்டுமென்றால் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். பல வண்டிகளுக்கு வெளி வெப்பநிலையை ஒட்டி இரண்டு மூன்று கிரேடுகளை அதில் அனுமதித்திருப்பார்கள். அந்த வரம்புக்குள் கூட்டினால் பயமில்லை.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஊற்றிய சில நாளிலேயே ஆயில் கறுப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், கரியை அது தன்னோடு ஏந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் பிஎஸ்-6 டீசலில் டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், இருந்தால், அதற்குரிய சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரியை எரித்துவிடலாம், சாம்பல் எரியாது, ஃபில்டரில் தங்கிவிடும். அப்புறம், மீதமிருக்கிற கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றும் பழக்கம். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் ஆயிலில் மூழ்கித்தான் வேலை செய்கிறது. கேனில் பைக்குக்கான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி இல்லாத ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு.

அந்தக் காருக்குப் பழைய ஆயிலை முழுக்க வடித்து, ஃபில்டர் மாற்றி, 5டபிள்யூ-30 ஊற்றினோம். இரண்டு நாளில் சத்தம் நின்றது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகையும் வந்தது, அதற்குக் காரணம் வால்வ் சீல், அதையும் மாற்றினோம். மாதம் இரண்டு முறை, சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியைப் பார்த்து, ஓடிய கிலோமீட்டரோடு எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். போன வாரம் அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். 2,400 கிலோமீட்டர் ஓடியும் ஆயில் மேல்கோட்டைவிட்டு இறங்கவில்லை.