ரோடு அகலப்படுத்த உங்க நிலம் போகுதா? இதைப் படிச்சிட்டு ஆபீஸ் போங்க

நேஷனல் ஹைவேயை நாலு வழி, ஆறு வழின்னு ஆக்குறதுக்கு நிலம் எடுக்குறது 1956 வருஷத்து தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, ஆனா பணத்தை 2013 நில எடுப்புச் சட்டப்படிதான் கணக்குப் போடணும். சட்டம் இவ்ளோ தெரிஞ்சா போதும்.

முதல்ல வர்றது 3ஏ அறிவிப்பு, அதாவது நெடுஞ்சாலைச் சட்டத்தோட 3ஏ பிரிவுப்படி உங்க நிலத்தை எடுக்கப் போறோம்னு சொல்றது. வீட்டுக்கு வந்து யாராச்சும் சொல்வாங்கன்னு காத்திருக்காதீங்க, கெசட்லயும் (அரசிதழ்) ரெண்டு பேப்பர்லயும் பொடி எழுத்துல சர்வே நம்பரா போட்டிருப்பாங்க, கெசட்ல வந்த நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபணை குடுக்கணும். உட்பிரிவு தப்பா, பரப்பு கூடக்குறைய இருக்கா, வீடு இருக்குற இடத்தை தரிசுன்னு போட்டிருக்காங்களா எல்லாத்தையும் அப்பவே எழுதுங்க. நிறைய பேர் அந்த மனுவுல "ரேட்டு பத்தாது"ன்னு மட்டும் எழுதிட்டு வந்துடுறாங்க, அது தள்ளுபடிதான் ஆகும், ரேட்டு பேசுறது பிற்பாடு 3ஜி விசாரணைல, அதாவது இழப்பீட்டை முடிவு பண்ற விசாரணைல. நடுவுல 3டி, அதாவது நிலத்தை எடுத்தாச்சுன்னு சொல்ற அறிவிப்பு வந்துட்டா நிலம் அரசாங்கத்துக்குப் போயிடும்.

பெரிய பொறியே பட்டாதான். எங்க ஊர்ல ஒரு பாட்டி, நாப்பது வருஷமா அவங்கதான் உழுதுட்டு இருந்தாங்க, ஆனா கூட்டு பட்டால ஏழு பேர், அதுல ரெண்டு பேர் செத்தே போயிட்டாங்க. வாரிசு சான்றிதழ் வாங்கிட்டு வான்னாங்க, விஏஓ ஆர்ஐ கிட்ட போகச் சொன்னாரு, ஆர்ஐ தாலுகாவுக்கு போகச் சொன்னாரு, தாலுகால திரும்ப விஏஓ ரிப்போர்ட் வேணும்னாங்க, மஞ்சப்பையில பேப்பரைச் சுருட்டி வச்சுக்கிட்டு அந்தம்மா பஸ் ஏறுனதுதான் மிச்சம். ரோடு அகலமாகப் போகுதுன்னு பேச்சு அடிபடும்போதே தாத்தா பேர்ல இருக்குற பட்டாவை மாத்துங்க. பங்காளிங்க சண்டை போட்டா பணம் கோர்ட்ல போய் உக்காந்துக்கும், யார் கைக்கும் வராது.

அளக்க வர்ற அன்னைக்கு வேலையை விட்டுட்டு பக்கத்துலயே நில்லுங்க. போர்வெல், மோட்டார் ஷெட், சுத்துச்சுவர், தென்னை எத்தனைன்னு நீங்களும் எழுதுங்க, தேதியோட போட்டோ எடுங்க. லிஸ்ட்ல ஏறாத மரத்துக்கு பிற்பாடு காசு வாங்குறது லேசுல நடக்காது.

மதிப்பு போடுறப்ப கைட்லைன் வேல்யூவை (பத்திரப் பதிவுக்கு அரசாங்கம் வச்சிருக்குற மதிப்பு) மட்டும் காட்டுவாங்க. பக்கத்துல மூணு வருஷத்துல நடந்த கிரயங்கள்ல அதிக விலைக்குப் போன பாதியோட சராசரியையும் பாக்கணும், எது கூடவோ அதைத்தான் எடுக்கணும், அதனால ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அந்தப் பத்திர நகல்களை வாங்கி 3ஜி விசாரணைல குடுங்க. உத்தரவு கைக்கு வந்ததும் 100 சதவீத ஆறுதல் தொகை (நிலத்தை விருப்பமில்லாம விடுறதுக்காக மேல குடுக்குறது), வருஷத்துக்கு 12 சதவீத கூடுதல் தொகை, கிராமமா இருந்தா பெருக்கல் காரணி (நில மதிப்பைக் கூட்டிக்காட்டப் பெருக்குற எண்), மூணும் இருக்கான்னு பாருங்க.

பத்தலைன்னா பணத்தை "ஆட்சேபணையுடன் பெறுகிறேன்"னு எழுதிட்டு வாங்குங்க, அப்புறம் ஆர்பிட்ரேட்டர் (நடுவர்) கிட்ட மனு போடுங்க, நம்ம ஊர்ல பெரும்பாலும் கலெக்டர்தான் ஆர்பிட்ரேட்டர். எந்த மனுவா இருந்தாலும் தபால் பிரிவுல குடுத்து, நகல்ல சீலும் தேதியும் வாங்காம வெளிய வராதீங்க, மேசை மேல வச்சிட்டு போங்கன்னு சொன்னாலும் நின்னு வாங்குங்க.