ஆடிக்காற்றுக்கு அசையாத மரம் சித்திரையில் சாய்வது ஏன்?

புயல் என்றாலே கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் அலட்சியம் உண்டு. கடற்கரை எங்கேயோ இருக்கிறது என்ற தெம்புதான், அதில் நியாயமும் இருக்கிறது. புயலுக்குத் தீனி, சூடான கடல் நீரிலிருந்து எழும் நீராவி. தரைக்கு வந்ததும் அது கிடைக்காது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா, டெல்டாவின் தென்னந்தோப்புகளை அப்படியே சாய்த்துப் போட்டது. திண்டுக்கல் பக்கம் நகர்ந்தபோது வெகுவாக வலுவிழந்துவிட்டது.

ஆனால் கோபி, சத்தி, சிறுமுகை வாழைக்காரர்களிடம் இந்தத் தெம்பு எடுபடாது. கடலே தேவைப்படாத ஒரு காற்று, சித்திரை வைகாசியில் ஒரே சாயங்காலத்தில் குலை தள்ளிய தோட்டத்தைப் படுக்க வைத்துவிடும்.

அது பக்கவாட்டில் கிளம்பும் காற்றல்ல, மேலிருந்து விழும் காற்று. பகல் வெயிலில் சூடேறிய காற்று ஈரத்தோடு மேலெழுந்து, 10 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்த இடிமேகமாகிறது. அதிலிருந்து இறங்கும் மழைத்துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகும், ஆலங்கட்டி உருகும். இரண்டுமே சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகின்றன. குளிர்ந்த காற்று கனமாகி, வேகமாகக் கீழே இறங்குகிறது. வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தால் நாலாபுறமும் ஓடுமே, அதுபோலத் தரையில் மோதிச் சிதறுகிறது. மழைக்கு முன்னால் சில்லென்று மண்வாசனையோடு முகத்தில் அடிக்கிறதே, அது இதன் முன்வரிசைதான்.

சரி, அம்மியையே பறக்க வைக்கும் என்று பேர் வாங்கிய ஆடிக்காற்றைத் தாங்கும் மரம் இதற்கு ஏன் விழுகிறது? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று மாதக்கணக்கில் மேற்குப் பக்கமிருந்தே வீசும். தினமும் ஆட்டப்படும் மரம் அதற்கேற்ப வேரையும் அடிமரத்தையும் தடிக்க வைத்துக்கொள்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் மரங்கள் கிழக்கே சாய்ந்து வளர்ந்திருப்பதைப் பார்க்கலாம். போதாததற்கு, அந்த மாதங்களில் சமவெளியில் மழை குறைவு, மண் இறுகிக் கிடக்கும். கோடைக்காற்றோ எந்தத் திசையிலிருந்தும் அடிக்கும். முதல் அடியைக் காய்ந்த மண் தாங்கிவிடலாம். மழை ஊறி மண் இளகியபின் வரும் அடுத்த அடியில் வேர் நழுவும்.

இதோடு ஒரு கணக்கும் சேர்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று, ஒரு சதுர மீட்டர் தடுப்பின் மேல் சுமார் 17 கிலோ எடையளவுக்கு அழுத்தும். 120 கிலோமீட்டரில் அது 68 கிலோ.

வாழை உண்மையில் மரமே அல்ல. இலை உறைகள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய தண்டு அது. இலை கிழிவதுகூட அதற்கு நல்லதுதான், கிழிந்த இலையைக் காற்று தள்ள முடியாமல் ஊடே போய்விடும். உச்சியில் தொங்கும் குலைதான் கவிழ்க்கிறது. அதனால்தான் சவுக்குக் கம்பை முட்டுக் கொடுக்கிறோம். முருங்கையைப் பற்றிப் பழமொழியே இருக்கிறது, பெருத்தாலும் தூணாகாது. அதைத் தோட்டத்து வீடான சாளையின் கூரையை ஒட்டி வளர விடுவது வம்பு.

காற்றுக்கு முன்னால் செய்கிற தப்பு ஒன்று, மரத்தை உச்சியில் மொட்டை அடிப்பது. வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும், வெட்டுவாயும் அழுகும். அடுத்த காற்றில் முதலில் முறிவது அவைதான். காய்ந்ததையும் உள்ளே நெருக்கமாக இருப்பதையும் மட்டும் கழித்துவிட்டால் காற்று ஊடுருவிப் போகும். சாக்கடை கட்ட வேரை ஒரு பக்கமாக வெட்டிய தெருவோர மரத்துக்கு இதுவும் உதவாது. வேரில் பெரும்பகுதி மேல் இரண்டு மூன்று அடி மண்ணில்தான் இருக்கிறது, பள்ளம் தோண்டும்போது போவது அதுவே.

காற்று நின்றதும் எல்லோரும் அரிவாளோடு இறங்குவோம். அதற்கு முன் அறுந்த மின்கம்பி கிடக்கிறதா என்று பாருங்கள். கம்பி ஈர மண்ணைத் தொட்டால், அந்த இடத்தில் மின்னழுத்தம் மிக அதிகமாகவும் தள்ளிப் போகப்போகக் குறைவாகவும் இருக்கும். ஒரு கால் இங்கும் மறு கால் அங்கும் இருந்தால், அந்த வித்தியாசத்தால் மின்சாரம் உடம்பு வழியாகப் பாயும். மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம், மின்சாரம் நெஞ்சு வழியாகவே போகும். நாம் தப்பும் தூரத்திலேயே மாடு செத்துவிடுவது இதனால்தான். அப்படிச் சிக்கிக்கொண்டால் எட்டி வைக்காமல், பாதங்களை ஒட்டியபடி தரையோடு தேய்த்து நகர வேண்டும். அப்புறம் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகே மரத்தில் கை வைக்கலாம்.

வளைந்து மாட்டிக்கொண்ட கிளையில் ஒரு பக்கம் நசுங்கியும் மறுபக்கம் இழுபட்டும் இருக்கும். இழுபட்ட பக்கம் முதலில் வெட்டினால் பிளந்து முகத்தில் அடிக்கும். நசுங்கிய பக்கம் சின்னதாக ஒரு வெட்டு, பிறகுதான் மறுபக்கம். வேரோடு சாய்ந்த மரமானால் இன்னும் கவனம் தேவை. அடிமரத்தை அறுத்ததும் அதன் பாரம் விலகி, மண்ணோடு நிற்கும் வேர்த்தட்டு சட்டென்று நிமிர்ந்து பள்ளத்தை மூடிக்கொள்ளும். அந்தப் பள்ளத்தில் அப்போது குழந்தைகள் இறங்கி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.