கையால் அழுத்த முடியாத காயம்

பினாங்குத் தமிழர் வீடுகளில் வார்ஃபரினும் ஆஸ்பிரினும் ஒரே பெயரில்தான் புழங்குகின்றன: 'ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து'. மலாயில் 'உபாட் சாயிர் டாரா' என்பதும் அதே பொருளே. உண்மையில் இவை ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை, உறைவதைத் தடுக்கின்றன. அதையும் வெவ்வேறு வழிகளில் செய்கின்றன. சிறுநீரகத்தில் பயாப்ஸி (சோதனைக்காகத் திசு எடுத்தல்) செய்யும் நாள் நெருங்கும்போதுதான் இந்த வேறுபாடு முக்கியமாகிறது.

நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே, சிறுநீரகத்தின் கீழ்முனையிலிருந்து நூல்போன்ற திசுவை ஊசியால் எடுக்கிறார்கள். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 1 லிட்டர், இரு சிறுநீரகங்களுக்கும் பாய்கிறது. கையில் ரத்தம் எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திவிடலாம். முதுகுத் தசைகளுக்கு அடியில் இருக்கும் உறுப்பை அப்படி அழுத்த முடியாது. கசியும் ரத்தம் சிறுநீரகத்தை மூடியிருக்கும் உறைக்குள் தேங்கி, அந்த அழுத்தமும் உறைதலும் சேர்ந்துதான் காயத்தை அடைக்க வேண்டும். கசிவு உட்புறமாகச் சிறுநீர்ப் பாதைக்குள் சென்றால் சிறுநீர் சிவக்கும்.

ஆஸ்பிரின், ஒன்றோடொன்று ஒட்டிக் காயத்தை அடைக்கும் ரத்தத் தட்டணுக்களின் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. உட்கரு இல்லாத தட்டணு அந்த நொதியைப் புதிதாக உருவாக்க இயலாது. அதன் ஆயுளோ 7 முதல் 10 நாள். ஆகவேதான் ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். வார்ஃபரின் தட்டணுக்களைத் தொடுவதில்லை. வைட்டமின் கே-யின் துணையுடன் கல்லீரல் உருவாக்கும் உறைபொருள்களைக் குறைக்கிறது. பொதுவாக 5 நாள் முன்பு நிறுத்தி, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.5-க்குக் கீழ் வந்ததா என்று பார்ப்பார்கள். உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான டாபிகட்ரானில் சுமார் 80 விழுக்காடு சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், பயாப்ஸி தேவைப்படும் நோயாளியின் உடலில்தான் அது கூடுதல் காலம் தங்குகிறது. போதாக்குறைக்கு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான யூரியா மிகுந்த ரத்தத்தில் மருந்தே இல்லாவிட்டாலும் தட்டணுக்கள் சரிவர ஒட்டுவதில்லை.

பெரும்பாலான ரத்தக்கசிவு முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அதனால்தான் அசையாமல் படுக்க வைத்து, ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்க்கிறார்கள். மருந்தை மீண்டும் தொடங்கிய பிறகு தாமதமாகக் கசிவதும் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) வைத்தவர் தாமாக மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்தானது. நிறுத்தவே முடியாதவருக்குக் கழுத்துச் சிரை வழியாக உள்ளிருந்து ஊசியைச் செலுத்தும் முறை இருக்கிறது. கசியும் ரத்தம் சிரைக்குள்ளேயே திரும்பிவிடும். அதிலும் ஊசி உறையைத் துளைத்துவிட்டால் பழைய கதைதான்.