அமுக்குவான் பேய் நெஞ்சில் ஏறும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

"நடுராத்திரியில் விழிப்பு வருகிறது, கண் திறந்திருக்கிறது, ஆனால் விரலைக்கூட அசைக்க முடியவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குகிறார்கள். இது பேயா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் சொல்வதை அப்படியே நம்புகிறேன். நம்மிடம் அமுக்குவான் பேய், ஜப்பானில் கனாஷிபாரி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நெஞ்சில் ஏறும் ஒரு கிழவி. இத்தனை தூரத்தில் இருப்பவர்கள் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்றால் காரணம் எல்லோருக்கும் பொதுவான உடம்பில்தான் இருக்க வேண்டும். மருத்துவத்தில் இது தூக்க முடக்கம்.

கண்விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் ரெம் தூக்கத்தில்தான் கனவுகள் அதிகம் வரும், இது தெரிந்த விஷயம். எனக்கு ஆச்சரியம் அடங்காத இடம் அடுத்தது. கனவில் ஓடினால் மூளை நிஜமாகவே "ஓடு" என்று கட்டளை போடுகிறது. ஆனால் மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதி கீழே முகுளத்துக்கும் தண்டுவடத்துக்கும் சேதி அனுப்பி, கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்களால் தசைகளை இயக்கும் நரம்பணுக்களின் வாயை அடைத்துவிடுகிறது. 1960களில் பிரான்சின் லியோனில் மிஷெல் ஜூவே என்ற தூக்க ஆய்வாளர் பூனைகளின் பான்ஸில் அந்த இடத்தைச் சிதைத்துப் பார்த்தார். தூக்கம் கலையாமலே அவை எழுந்து, அங்கே இல்லாத இரையின் மேல் பாய்ந்தன!

இந்தப் பூட்டிலிருந்து தப்புபவை முக்கியமாகக் கண்ணை அசைக்கும் தசைகளும், மூச்சுக்கு முக்கியமான உதரவிதானமும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் தப்புவதில்லை. பூட்டு திறப்பதற்குள் நினைவு மட்டும் முந்திக்கொண்டு விழித்துவிட்டால், பயத்தில் ஆழமாக மூச்சை இழுக்கப் பார்க்கிறோம், மார்பு விரிய மறுக்கிறது, அதுதான் அந்த பாரம். சரி, அறையில் நிற்கும் உருவம்? 2006இல் சுவிட்சர்லாந்தில் வலிப்பு நோயாளி ஒருவருக்கு மூளையின் இடப்பக்கம், காதுக்குச் சற்று மேலே மின்தூண்டல் கொடுத்தபோது, தன் பின்னால் யாரோ இருந்துகொண்டு தன்னைப் போலவே செய்வதாக அவர் உணர்ந்தார். நம் உடம்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கு குழம்பினால் அந்தக் கணக்கே இன்னொரு ஆளாகத் தெரியும்போல.

இதற்காக மந்திரிக்கக் காசு வாங்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஏனென்றால் அந்த முடக்கம் பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் தானாகவே விலகிவிடும், பெயர் அவர்களுக்குப் போகிறது.

கெட்ட கனவும் வரப்போவதைச் சொல்வதில்லை, பட்ட பயத்தைத்தான் திரும்பக் காட்டுகிறது. ஒரே கனவு விடாமல் துரத்தினால், பகலில் அதன் முடிவை மாற்றி எழுதி மனதில் ஓட்டிப் பார்க்கும் சிகிச்சை உண்டு, நல்ல பலன் தருகிறது. அமுக்குவான் அடிக்கடி வந்தால் முதலில் தூக்கத்தைக் குறைக்காதீர்கள், மல்லாந்து படுக்காதீர்கள். கூடவே பகலில் அடக்க முடியாத தூக்கமும் வந்தால் அது நார்கோலெப்ஸி என்ற தூக்க நோயாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.