லோகோ லைட்டுக்கு கரன்ட் எங்கேர்ந்து எடுக்குறீங்க?

வியாசர்பாடில ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். இப்பல்லாம் கிட்டார் வாசிக்கிற பசங்க ஆம்ப்பை அவங்களே கட்டுறாங்க, முன்னாடி பேர் போட்டு லைட் எரியணும்னு ஒரு ஆசை வேற, தப்பே இல்ல, இருட்டு மேடைல பார்க்க கெத்தாதான் இருக்கும். ஆனா அந்த லைட்டுக்கு கரன்ட் எடுக்குற இடத்துலதான் கோட்டை விடுறாங்க.

போன மாசம் பெரம்பூர்லேர்ந்து ஒரு தம்பி ஆம்ப்பை தூக்கினு வந்தான். "ணா, கிட்டார் வாசிச்சுக்கிட்டே பாடும்போது மைக்ல உதடு பட்டுச்சு, தூக்கி அடிச்சிடுச்சுணா, ஸ்டாண்டோட விழுந்துட்டேன்"னான். விழுந்ததுல மைக் விலகிடுச்சு, பொழைச்சான். கிட்டார் ஸ்ட்ரிங்குக்கும் சாக்கெட் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சேன், 200 வோல்ட்டுக்கு மேல காட்டுது! கழட்டிப் பார்த்தா, 9 வாட்ஸ் எல்இடி பல்பை உடைச்சு உள்ள இருக்குற வட்ட போர்டை அலுமினிய லோகோ பேனலுக்குப் பின்னாடி டபுள் டேப்ல ஒட்டி 230 வோல்ட்டை நேரா குடுத்திருக்கான். சூட்டுல டேப் இளகி, ஈயம் வச்ச இடம் பேனல்ல போய் ஒட்டிக்கிச்சு. பேனல் சேசிஸ்ல, அதாவது ஆம்ப்போட இரும்புக் கூட்டுல ஸ்க்ரூ, சேசிஸ்லேர்ந்து கிட்டார் கேபிளைச் சுத்தி இருக்குற ஷீல்டு கம்பி வழியா ஸ்ட்ரிங்குக்கு. கையில ஸ்ட்ரிங், உதட்டுல எர்த்தான மைக், நடுவுல அவன் உடம்பு. போதாக்குறைக்கு ஹம்மிங் வருதுன்னு ப்ளக்ல எர்த் பின்னை வெட்டி வச்சிருக்கான். அந்த பின் இருந்திருந்தா ஃப்யூஸ் போயிருக்கும், அவ்ளோதான்.

இந்த மாதிரி பல்பு போர்டு நிறையதுல மெயின்ஸுக்கும் எல்இடிக்கும் நடுவுல டிரான்ஸ்பார்மரே கிடையாது, எங்க தொட்டாலும் 230 வோல்ட் லைனைத் தொட்ட மாதிரிதான்னு நினைச்சுக்கோங்க.

ஆம்ப்புக்குள்ள 230 வோல்ட்டை 12 வோல்ட்டா குறைக்கிற 12-0-12 டிரான்ஸ்பார்மர் இருக்குல்ல, டயோடு, கன்டென்சர் தாண்டி கிரவுண்டுக்கு சுமார் 17 வோல்ட் டிசி கிடைக்கும், அங்க மூணு வெள்ளை எல்இடியை சீரிஸ்ல போட்டு ஒரு 820 ஓம்ஸ் ரெசிஸ்டர் வைங்க, 10 மில்லி ஆம்பியர் கிட்ட ஓடும், லோகோவுக்கு அதுவே ஜாஸ்தி. கண்ணாடிக் குழாய் வச்ச வால்வு ஆம்ப்னா, வால்வை சூடாக்குற 6.3 வோல்ட் ஹீட்டர் லைன்ல பிரிட்ஜ், அதாவது ஏசியை டிசி ஆக்குற நாலு டயோடு போட்டு எடுக்கலாம், ஆனா பிரிட்ஜோட மைனசை சேசிஸ்ல கட்டிடாதீங்க, ஹீட்டர் வைண்டிங் பெரும்பாலும் ஏற்கனவே கிரவுண்ட் ஆகியிருக்கும், டயோடு புகைஞ்சிடும். வால்வு ஆம்ப்ல சுவிட்ச் ஆஃப் பண்ணாலும் பெரிய கன்டென்சர்ல 300, 400 வோல்ட் நிக்கும், ரெசிஸ்டர் வச்சு டிஸ்சார்ஜ் பண்ணி மீட்டர்ல பார்க்காம கையை விடாதீங்க. லைட்டை மங்க வைக்கணும்னா ரெசிஸ்டர் மதிப்பை ஏத்துங்க, எல்இடி ஸ்ட்ரிப்புக்கு விக்கிற டிம்மரைப் போட்டா அது வேகமா ஆன் ஆஃப் பண்ற சத்தம் ஸ்பீக்கர்ல ஙொய்ங்னு கேட்கும்.

பேனலுக்கு அலுமினியத்தைவிட 5 எம்எம் அக்ரிலிக் நல்லது. ஓரத்துலேர்ந்து லைட் அடிச்சா வெளிச்சம் உள்ளயே பட்டுப் பட்டுப் போகும், கீறின எழுத்துல மட்டும்தான் வெளிய வரும். ஓரத்தை உப்புக் காகிதத்துல 400, 800, 1500னு தேய்ச்சு பளபளன்னு ஆக்கிடுங்க, ரம்பம் போட்ட கோடு இருந்தா வெளிச்சம் அங்கயே சிதறி வீணாப் போயிடும். எழுத்தை பின்பக்கம் கீறுங்க, முன்பக்கம்னா தூசி போய் அடைச்சுக்கும்.

அந்த தம்பியும் அக்ரிலிக்தான் போட்டான், புது த்ரீ பின் ப்ளக்கை நானே மாட்டி விட்டேன். பின்பக்கம் கீறச் சொன்னதைக் கேட்டுக்கிட்டான், கண்ணாடில தெரியுற மாதிரி இடம் வலம் மாத்தி எழுதணும்ங்கறதை மறந்துட்டான், முன்னாடிலேர்ந்து பார்த்தா பேர் இடம் வலம் மாறி எரிஞ்சுது. ஷீட்டைத் திருப்பி மாட்டிக்கிட்டான், இப்ப தூசி முன்பக்கம்தான் உட்காருது, பழைய டூத் பிரஷ் ஒண்ணை ஆம்ப் மேலயே வச்சிருக்கான்.