119 தூக்கியவர் 110-இல் ஏன் தொடங்கினார்?

2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசிய பளு தூக்கும் சாம்பியன்ஷிப்பில் இந்திய வீராங்கனை மீராபாய் சானு கிளீன் அண்ட் ஜெர்க்கில், அதாவது எடையை முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் முறையில், 119 கிலோ தூக்கினார். 49 கிலோ உடல் எடைப் பிரிவில் அது அப்போது உலக சாதனை. மூன்று மாதம் கழித்து, ஜூலை 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே கிளீன் அண்ட் ஜெர்க்குக்கு அவர் கேட்ட முதல் எடை 110. தன் சாதனைக்கு ஒன்பது கிலோ குறைவு. அதைத் தூக்கினார். அடுத்து 115, அதையும் தூக்கினார். மூன்றாவதாக 117 கேட்டார், முடியவில்லை. ஸ்னாட்ச்சில், அதாவது ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் முறையில், எடுத்த 87-ஐச் சேர்த்து மொத்தம் 202 கிலோ, வெள்ளிப் பதக்கம்.

அன்று டிவியில் அவருடைய சிரிப்பையும், ஒலிம்பிக் வளையம் போலச் செய்த கம்மலையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எனக்கு அந்த 110 தான் மனதில் நின்றது. நான் ஆடிட்டர், சிறு தொழில் நடத்துகிறவர்களின் கணக்கைப் பார்ப்பது என் வேலை. பளு தூக்கும் போட்டிகளை விடாமல் பார்ப்பது பழக்கம். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.

போட்டி விதி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஸ்னாட்ச்சில் மூன்று முயற்சி, கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சி. இரண்டிலும் சிறந்ததைக் கூட்டி மொத்தம் போடுவார்கள். முதல் எடை எவ்வளவு என்று நீங்களே சொல்ல வேண்டும். சொன்ன எடையைத் தூக்க முடியாமல் போனால் அதையே மறுபடி முயலலாம், அல்லது கூட்டலாம். குறைக்க முடியாது. மூன்றும் தவறினால் மொத்தமே கிடையாது. கடைசி இடம்கூடக் கிடைக்காது. மீராபாய்க்கு 2016 ரியோவில் நடந்தது அதுதான். ஆறு முயற்சிகளில் ஒன்றே ஒன்றுதான் தேறியது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்றும் போனது.

குறைக்க முடியாது என்கிற விதியைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வருவது இஎம்ஐ. கையெழுத்துப் போட்டு, மெஷின் வந்து இறங்கி, முதல் தவணை பிடித்துவிட்டால் அப்புறம் எடையைக் குறைக்க வழியில்லை. ஆர்டர் குறைந்தாலும் அதே தொகை. பருத்தி நூல் விலை ஏறினாலும் அதே தொகை.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதுவரை தூக்கியே பார்க்காத எடையை முதல் எடையாகக் கேட்டவர்கள். அதைத் துணிச்சல் என்று அவர்களும் நினைக்கிறார்கள், ஊரும் சொல்கிறது. "ஆர்டர் வந்துக்கிட்டேதான் இருக்குங்க சார், மெஷின் இல்லாமத்தான் திருப்பி அனுப்பறேன்" என்று ஒருவர் சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். எந்த மாதக் கணக்கை வைத்துச் சொல்கிறார் என்று பார்த்தால், தீபாவளிக்கு முந்தைய மாதமாக இருக்கும். அது அவருடைய 119. அதை வைத்து வருடம் பன்னிரண்டு மாதமும் தவணை கட்டத் திட்டம் போடுகிறார்.

பளு தூக்குகிறவர்களிடம் ஒரே ஒரு எண் இருப்பதில்லை. பயிற்சிக் கூடத்தில் எடுத்த அதிகபட்சம் ஒன்று, போட்டி மேடையில் எடுத்த அதிகபட்சம் ஒன்று, இன்று காலை வார்ம்-அப்பில் எடைக் கம்பி எப்படி ஏறுகிறது என்பது இன்னொன்று. மூன்றையும் நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். முதல் எடையை முடிவு செய்ய உதவுவது மூன்றாவது எண். தூக்கக் கலக்கத்திலும் தவறாது என்று தெரிந்த எடையைத்தான் கோச் எழுதிக் கொடுப்பார்.

தொழிலில் அந்த மூன்றாவது எண் வசூல். பில் போட்ட தொகை இல்லை, வங்கியில் வந்து விழுந்த தொகை. இதை எத்தனை முறை சொன்னாலும் ஒருவர் வந்து கேட்பார்: "பேங்க்ல அம்பது லட்சம் சாங்ஷன் ஆயிருக்குங்க சார், அப்புறம் ஏன் முப்பத்தேழரைக்கு மேல எடுக்க விடமாட்டேங்கறாங்க?" விஷயம் இதுதான். சாங்ஷன் என்பது மேல் வரம்பு. சரக்கும் பாக்கியும் எவ்வளவு என்று மாதா மாதம் நீங்கள் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டை வைத்து வங்கி டிராயிங் பவர், அதாவது இப்போது எடுக்கக்கூடிய தொகை, போடும். ஒரு உதாரணக் கணக்கு: சரக்கு 40 லட்சம். வர வேண்டிய பாக்கி 60 லட்சம், அதில் 20 லட்சம் 90 நாள் தாண்டியது. பொதுவாக வங்கிகள் அந்த 20-ஐக் கணக்கிலேயே எடுக்காது. மிச்சம் 40. நீங்கள் சரக்குக் கொடுத்தவர்களுக்குத் தர வேண்டியது 30 லட்சம் என்றால், 40-ஐயும் 40-ஐயும் கூட்டி 30-ஐக் கழித்தால் 50. அதில் உங்கள் கைப்பணமாக இருக்க வேண்டிய 25 சதவீதம் (மார்ஜின்) போக 37.5 லட்சம். வங்கி மேனேஜருக்கு உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. உங்கள் இன்றைய எடை அவ்வளவுதான் என்று அந்தத் தாள் சொல்கிறது. தொழில்காரர்கள் அந்தத் தாளை டாலி மென்பொருளில் கணக்கு ஏற்றுகிறவரிடம் விட்டுவிட்டு, சாங்ஷன் கடிதத்தை மட்டும் ஃபைலில் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு உபயோகமான தகவல். நீங்கள் உத்யம் என்கிற மத்திய அரசின் சிறு தொழில் பதிவு செய்த குறு அல்லது சிறு உற்பத்தியாளராகவோ சேவை நிறுவனமாகவோ இருந்தால், உங்களிடம் வாங்குகிறவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். அந்தக் கெடு தாண்டியும் மார்ச் 31 அன்று பாக்கி நின்றால், அந்தச் செலவை அவர் அந்த வருட வருமானத்தில் கழிக்க முடியாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். 2023-24 நிதியாண்டு முதல் இந்த விதி அமலில் இருக்கிறது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது. பொருந்துகிறவர்கள் உத்யம் எண்ணை பில்லிலேயே அச்சடித்து விடுங்கள். பிப்ரவரியில் வசூல் போன் செய்யும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அப்படியென்றால் பெரிதாக எதையும் முயலக் கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. 2008 பெய்ஜிங்கில் ஜெர்மனியின் மத்தியாஸ் ஸ்டைனரைப் பாருங்கள். 105 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவு. கிளீன் அண்ட் ஜெர்க்கில் அவருடைய முதல் முயற்சி 246, தவறியது. இரண்டாவது 248, தேறியது. மூன்றாவதற்கு ஒரேயடியாக 258 கேட்டார். பத்து கிலோ தாவல். தூக்கினார். மொத்தம் 461, ரஷ்யாவின் சிகிஷெவ் 460. ஒரு கிலோவில் தங்கம். முந்தைய வருடம் கார் விபத்தில் இறந்த மனைவியின் படத்தை மேடையில் அவர் பிடித்து நின்றதை எல்லோரும் எழுதினார்கள். கணக்கை அதிகம் பேர் எழுதவில்லை. 248 தேறியபோதே அவருடைய மொத்தம் 451. மூன்றாம் இடத்தில் முடித்தவரின் மொத்தம் 448. 258 கீழே விழுந்திருந்தாலும் ஸ்டைனருக்கு வெள்ளி இருந்தது. 258-க்குக் குறைவாகக் கேட்டிருந்தால் சிகிஷெவைத் தாண்ட முடியாது. தோற்றால் நஷ்டம் இல்லை, ஜெயித்தால் தங்கம்.

2000 சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஸ்னாட்ச்சில் 110-உம் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130-உம் சேர்ந்து 240 கையில் இருந்தது. கடைசி முயற்சிக்கு 137.5 கேட்டார், தவறியது, வெண்கலம். முதல் இரண்டு இடங்களிலும் 242.5 தான் மொத்தம் என்பதால், 135 கேட்டிருந்தாலே தங்கம் ஆயிற்றே என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். எடைத் தேர்வில் ஒரு படி அதிகம் போய்விட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முயன்றது தவறில்லை. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் என்கிற இடம் அந்தத் தோல்வியால் போய்விடவில்லை.

தொழிலில் கையில் இருக்கும் வெள்ளி எது? என்னைக் கேட்டால் குடியிருக்கும் வீடும், ஆறு மாதச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் தொடாமல் வைத்த பணமும். புது யூனிட் போடுகிறேன் என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது லாபக் கணக்கு இல்லை. ஈடாக எதை வைக்கிறீர்கள் என்பதுதான். பிரைவேட் லிமிடெட் கம்பெனிதானே, நமக்கு என்ன என்று பலர் நினைக்கிறார்கள். வங்கி உங்களிடமும், சில சமயம் உங்கள் மனைவியிடமும் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து வாங்கும். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு கம்பெனி வேறு நீங்கள் வேறு என்று பேச முடியாது. அந்தப் பத்து கிலோ தாவல் ஸ்டைனருக்குச் சரி. முதல் இரண்டு முயற்சியும் தவறி நிற்கிறவர் அதைச் செய்தால் சூதாட்டம்.

வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் கதையை நம்மவர்கள் போதுமான அளவு பேசவில்லை என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம். நான்கு வருடம் கழித்து கோல்ட் கோஸ்டில் மறுபடி தங்கம், இந்த முறை 317. பதினொரு கிலோ குறைவு. இடையில் தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்று தொடையில் அடிபட்டிருந்தது. கோல்ட் கோஸ்டில் தங்கம் உறுதியானதும் கடைசி கிளீன் அண்ட் ஜெர்க் முயற்சியை அவர் எடுக்கவே இல்லை. கூட்டம் இருக்கிறது, கேமரா இருக்கிறது, இன்னொரு முயற்சி பாக்கி இருக்கிறது. போதும் என்று விட்டுவிட்டார்.

இதைச் செய்யத் தெரிந்த முதலாளிகள் மிகக் குறைவு. போன வருடத்தை விட டர்ன்ஓவர் குறைந்தால் மானம் போய்விட்டதாக நினைக்கிறார்கள். பணம் தராமல் இழுத்தடிக்கும் பார்ட்டியை வெட்டிவிட்டால் டர்ன்ஓவர் குறையும், வட்டிச் செலவும் குறையும், கடைசியில் கையில் நிற்பது கூடும். கணக்கில் காட்டினால் தலையாட்டுவார்கள். அடுத்த மாதமே அதே பார்ட்டிக்கு லாரி போகும்.

பயிற்சி பற்றிக் கொஞ்சம். சோவியத் பயிற்சியாளர் பிரிலெபின் பல வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து ஒரு அட்டவணை போட்டார். இன்றும் பல கோச்சுகள் அதைப் பார்க்கிறார்கள். அதிகபட்ச எடையில் 70 முதல் 80 சதவீதத்தில் ஒரு பயிற்சிக்குப் பதினெட்டு தூக்கல் போல. 90-க்கு மேல் ஏழு போல, பத்தைத் தாண்டக் கூடாது. உச்ச எடையை அவர்கள் அரிதாகத்தான் தொடுகிறார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை வேண்டுமென்றே எடையைக் குறைத்து ஒரு வாரம் ஓட்டுவார்கள். மூன்று ஷிஃப்டும் நிற்காமல் ஓட்டி, மெயின்டனன்சை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளும் தொழிற்சாலைகளில் டெலிவரிக்கு இரண்டு நாள் முன்னால்தான் பேரிங் போகும்.

இதற்கு எதிர்ப்பேச்சாக பல்கேரியாவைச் சொல்வார்கள். 1970, 80களில் இவான் அபாஜியேவ் தன் வீரர்களைத் தினமும், ஒரே நாளில் பல முறை, உச்ச எடைக்குப் பக்கத்தில் தூக்க வைத்தார். உலக சாம்பியன்கள் வரிசையாக வந்தார்கள். ஆனால் அந்தப் பயிற்சியில் உடைந்து வீட்டுக்குப் போனவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. 1988 சியோலில் இரண்டு பல்கேரியர்களின் தங்கம் ஊக்கமருந்தால் பறிபோக, அணியே பாதியில் கிளம்பிவிட்டது. தூங்காமல் உழைத்து ஜெயித்தேன் என்கிற தொழிலதிபர் பேட்டிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அபாஜியேவ் ஞாபகம்தான் வரும்.

ஊக்கமருந்து என்றதும் சொல்ல வேண்டியது: 2012 லண்டன், ஆண்கள் 94 கிலோ பிரிவு. சேமித்து வைத்த மாதிரிகளைச் சில வருடம் கழித்து மறுபடி சோதித்ததில் முதலில் பதக்கம் வாங்கிய மூவரும் போய், கீழே இருந்தவர்களில் இன்னும் மூவர் போய், ஒன்பதாவது வந்த போலந்துக்காரருக்கு வெண்கலம் வந்தது. அந்தப் போலந்துக்காரரும் 2016 ரியோவில் ஊக்கமருந்தில் சிக்கி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்! சரக்கு வராமல் பில் மட்டும் வாங்கி ஜிஎஸ்டி இன்புட் எடுக்கிறவர்கள், அதாவது அந்தப் பில்லில் உள்ள வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்கிறவர்கள், இதைக் கவனிக்க வேண்டும். எடுத்த மாதம் ஒன்றும் ஆகாது. பில் கொடுத்தவனின் பதிவு ரத்தாகி, நோட்டீஸ் வர வருடங்கள் ஆகும். அப்போது வரி, வட்டி, அபராதம் மூன்றும் சேர்ந்து வரும். "எல்லாரும் பண்றாங்க சார்" என்பது அந்த 94 கிலோ பிரிவிலும் கிட்டத்தட்ட உண்மைதான்.

2021-இல் பிலிப்பைன்ஸுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்த ஹிடிலின் டியாஸ், கொரோனா காலத்தில் மலேசியாவில் சிக்கிக்கொண்டு மூங்கில் கழியில் தண்ணீரைக் கட்டித் தூக்கிய கதையை ஊக்கப் பேச்சாளர்கள் விடுவதே இல்லை. அவருக்குக் கோச், உணவு ஆலோசகர், மனநல ஆலோசகர் என்று தனிக் குழுவே இருந்ததை யாரும் சொல்வதில்லை. மூங்கில் சில மாதம், குழு வருடக்கணக்கில்.

உங்கள் குழுவில் ஆடிட்டரும் ஒரு ஆள். அவரை ரிட்டர்னுக்கு மட்டும் பார்க்காமல், லோனுக்கு விண்ணப்பிக்கும் முன்னால் ஒருமுறை பாருங்கள். போகும்போது பன்னிரண்டு மாத வங்கி ஸ்டேட்மென்ட், 90 நாள் தாண்டிய பாக்கிப் பட்டியல், கடைசியாகக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட், வீட்டுச் செலவுக்காகத் தொழிலிலிருந்து எடுத்த தொகை, இந்த நான்கையும் கொண்டு போங்கள். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் குறைத்துத்தான் சொல்கிறார்கள், ஸ்டேட்மென்டில் தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் உங்கள் முதல் எடை எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.